எதையாவது எடுத்துப் போடு

சாயங்காலம் ஆறரை மணி. பொன்முடி இறக்கம். மழை விட்டுட்டு... ஆனா மரம் மட்டும் சொட்டிக்கிட்டே இருக்கு. மூடுபனி. முன்னால போற ரோடு பத்தடிக்கு மேல தெரியல. டூர் வந்தவங்க எல்லாரையும் எப்பவோ கீழ எறக்கி விட்டாச்சு. அந்த மலையில அப்ப ஒரே ஒரு வண்டிதான் எறங்குது.

ஒரு லாரி.

கதவை ஒருக்கா சாத்துங்கடே, காத்துல மெழுகுவத்தி அணையுது. கரண்டு வரும்போது வரட்டும். நம்ம சாலைக் கடைத்தெருவுல மழை பெஞ்சா கரண்டு எப்ப வரும்னு நமக்குத் தெரியாதா. கிட்ட வந்து உக்காருங்க.

இது நான் கட்டுன கதை இல்ல. நம்ம கூட இதே ரூம்ல கெடந்தானே செல்வகணேஷ், இரும்புக் கடையில நின்னவன்... அவனோட சித்தப்பா லிங்கத்துக்கு நடந்தது. பாதிக்கு மேல அவனும் கூட இருந்திருக்கான். அவன் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போனதே இதனாலதான்.

லாரிய ஓட்டினது லிங்கம். பக்கத்துல கிளீனரா பேச்சிமுத்து. கிளீனர்னா சின்னப்பய இல்ல, நாப்பது வயசு ஆளு. லிங்கத்தோட பெஞ்சாதி நாச்சியாருக்குக் கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் கட்டல. அக்கா மக சுப்ரியான்னா உசிரு. அவ நர்ஸ் படிக்கப் போனப்ப ஹாஸ்டல் வாசல்ல நின்னு அழுதது அவளோட அப்பா இல்ல, இந்த மாமன்தான்.

லோடு நல்ல கனம். மேல ஒரு எஸ்டேட்டு மூடிக் கெடந்துச்சு. அங்க உள்ள பழைய தேயிலை மிஷின், உருளை, இரும்புத் தூண் எல்லாத்தையும் ஒடைச்சு ஏத்தி, சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டு வாராங்க. அந்தக் கனத்தோட மலை எறங்கணும்னா கீழ கியர்ல போட்டு, மாடு நடக்க மாதிரி மெதுவா விடணும். லிங்கத்துக்கு அவசரம். செக்போஸ்ட் அடைச்சிட்டா ராத்திரி காட்டுல கெடக்கணும். மூணாவது கியர்ல விட்டுட்டு, காலைக் கொண்டுபோயி பிரேக்குலயே வெச்சிக்கிட்டாரு.

அந்தப் பழைய லாரிக்கு எல்லா சக்கரத்துக்கும் டிரம் பிரேக். டிரம்முன்னா மூடுன சட்டி மாதிரி. உள்ள பிறை மாதிரி ரெண்டு ஷூ இருக்கும், அது விரிஞ்சு சட்டிய அமுக்கிப் பிடிக்கும். மிதிக்க மிதிக்க சூடு. சூடு வெளிய போக வழி கெடையாது... உள்ளயே கெடந்து வேகும். வெந்து வெந்து சட்டி விரிஞ்சிரும். பொறவு ஷூ எட்டிப் பிடிச்சாலும் பிடி இருக்காது.

மொதல்ல வாடை வந்துச்சு. முடி கருகுத வாடை. அப்புறம் கண்ணாடியில பாத்தா, பின்சக்கரத்துல இருந்து வெள்ளையாப் புகை. லிங்கம் மிதிச்சாரு. பெடல் போவுது... வண்டி கேக்கல. கியரைக் கொறைச்சுப் பாத்தாரு, கறகறன்னு அரைச்சுது, விழல.

ஒரு கொண்டை ஊசி வளவுக்கு முன்னால ரோடு கொஞ்சம் சமனா கெடந்துச்சு. அங்க வேகம் கொறஞ்சு, ஆளு கூட ஓடுத அளவுக்கு வந்துச்சு. அந்த வளவைத் தாண்டுனா வெறும் பள்ளம்.

லிங்கம் சொன்னாரு, "பேச்சி, எறங்கு. எதையாவது எடுத்துப் போடு."

பேச்சிமுத்து, சக்கரத்துக்கு அடை வெக்குத கட்டையத் தூக்கிக்கிட்டுக் குதிச்சான். ஓடிக்கிட்டே பின்சக்கரத்துக்கு முன்னால போட்டான். நனைஞ்ச கட்டை, சக்கரம் தள்ளி விட்டுட்டு. ஓரத்துல கெடந்த கல்லைப் பொறக்கிப் போட்டான். அதையும் தெறிக்க விட்டுட்டு. லிங்கம் உள்ள இருந்து, போடு, எதையாவது போடுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. வெளிய செருப்புச் சத்தம்... சளக், சளக்... பொறவு ஒத்தைச் செருப்புச் சத்தம்... பொறவு சத்தம் இல்ல.

வண்டி பின்னால லேசா ஏறுச்சு. மெத்தைய மிதிச்ச மாதிரி. நின்னுட்டு.

எஸ்டேட் ஜீப் வந்து பாக்கும்போது பேச்சிமுத்து செத்துக் கெடக்கான். வழுக்கி விழுந்துட்டான், கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள போயிட்டான்னு லிங்கம் சொன்னாரு. போலீஸுக்கும் அதுதான், நாச்சியாருக்கும் அதுதான். சாவுக்குத் துட்டி கேக்க வந்தவங்ககிட்ட எல்லாம், "டிரம்மு கொன்னுட்டு, டிரம்மு கொன்னுட்டு"ன்னு நெஞ்சில அடிச்சுக்கிட்டாரு. சாலைக் கடைத்தெருவுல லோடு எறக்குத டிரைவர்மாரு முகத்துக்கு நேரே ஒண்ணும் சொல்லல. அந்தப் பக்கம் போயிப் பேசிக்கிட்டாங்க. லோடு வண்டிக்கு டிரம்முதான் சரி, சேறு மண்ணு உள்ள போகாது, நல்லா இழுத்துப் பிடிக்கும், கியர்ல எறங்கியிருந்தா அந்த டிரம்மே காப்பாத்தியிருக்கும்... காலு செஞ்ச தப்புக்கு டிரம்மு என்ன பண்ணும்னு.

லிங்கம் அதோட லாரிய விட்டாரு. கொஞ்ச நாள் வீட்டுல கெடந்தாரு. பொறவு ஸ்ரீவராகத்துல ஒரு வீட்டுல டிரைவர் வேலை கெடைச்சுது. வீட்டுக்காரர் பேரு கேசவ். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. அவரோட அம்மா விஜயம் மாமிய ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிட்டுப் போறதுதான் முக்கிய வேலை. வண்டி பெருசு. கறுப்பு எஸ்யூவி. அக்ரஹாரத் தெருவுல திருப்பணும்னா நாலு வீட்டுக் கோலம் அழியும், அப்படி ஒரு வண்டி.

லிங்கம் சம்பளம் கேக்கல, லீவு கேக்கல. வண்டிப் பக்கத்துல குத்தவெச்சு, சக்கரத்து இடுக்கு வழியா உள்ள பாத்தாரு. பிரேக் டிஸ்க்கா டிரம்மான்னு கேட்டாரு.

கேசவ் சாருக்கு சந்தோஷம். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்தான்னு விளக்க ஆரம்பிச்சுட்டாரு. சக்கரத்தோட சுத்துத தட்டு, ரெண்டு பக்கமும் இடுக்கி மாதிரி பிடிக்கும், எல்லாம் திறந்து கெடக்கதுனால காத்து பட்டு சூடு தணிஞ்சிரும், எவ்வளவு மிதிச்சாலும் பிடி போகாதுன்னு. லிங்கம் அந்தத் தட்டைத் தொட்டுப் பாத்தாராம். "இதுல உள்ள ஒண்ணும் ஒளிஞ்சிக்கிட முடியாது"ன்னாராம். கேசவ் சாருக்கு வெளங்கல. நமக்கும் அப்ப வெளங்கியிருக்காது.

கொஞ்ச நாள் ஒண்ணும் இல்ல.

ஒருநாள் காலையில, பழவங்காடி. பிள்ளையார் கோயில் முன்னால ஒரு ஆட்டோ குறுக்க வந்துட்டு. லிங்கம் பிரேக்குல கால வெச்சாரு. வெச்சதுதான்... அமுக்கல. அதுக்குள்ள வண்டி நின்னுட்டு. பின்னால லேசா ஏறி நின்னுச்சு. எறங்கிப் பாத்தா இடது பின்சக்கரத்துக்கு அடியில ஒரு முழுத் தேங்காய் நசுங்கிக் கெடக்கு. அங்க தேங்காய் ஒடைக்காத நாள் உண்டா? எவன் கையில இருந்தோ உருண்டிருக்கும்னு மாமி சொன்னாங்க. லிங்கமும் அப்படித்தான்னு வெச்சிக்கிட்டாரு.

அடுத்தது குறவன்கோணம் இறக்கம். ஒரு ஸ்கூல் பஸ் சட்டுனு நின்னுச்சு. இவரு மிதிக்கப் போறாரு... அதுக்குள்ள மெத்தைய மிதிச்ச மாதிரி. இந்தத் தடவை நாய். தெருநாய் இல்ல, கழுத்துல பட்டி கெடக்கு, பட்டியில சங்கிலி. சங்கிலியோட அந்தத் தலை ஒரு வீட்டு கேட்டுல கட்டிக் கெடக்கு. கேட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல அது விண்ணுன்னு இழுத்து நிக்குது. நாய் கொஞ்ச நேரம் உசிரோட இருந்துச்சு.

லிங்கம் பேசுதது கொறஞ்சு போச்சு. பிரேக்கே மிதிக்காம ஓட்டப் பழகிட்டாரு. நடந்து போறவன் முந்திப் போவான், அந்த வேகத்துல. மாமிக்கு அது ரொம்பப் பிடிச்சுது. ஊர்லயே நல்ல டிரைவர்னு சொன்னாங்க.

மூணாவது தடவை செல்வகணேஷ் கூட இருந்தான். கேசவ் சார் வீட்டு மாடிக்கு நம்ம கடையில இருந்து சாமான் போகுது, இவன் முன் சீட்டுல உக்காந்திருக்கான். இருட்டுத நேரம். புத்தரிக்கண்டம் மைதானம் பக்கம். மழைத் தண்ணி கெடக்கு. அப்பத்தான் இவனுக்கு ஒரு சத்தம் கேக்குது. இடது பக்கம், பின்னால. தப்... தப்... தப்... வண்டிக்குச் சமமா வருது. யாரோ ஓடி வாரான்னு நெனைச்சான். ஆனா அது செருப்புச் சத்தம் இல்ல, வெறுங்காலும் இல்ல. சப்பாத்தி தட்டுவாங்களே... அந்த மாதிரி. உள்ளங்கை.

ஒரு பைக்கு குறுக்க பாஞ்சுது. லிங்கம் மிதிச்சாரு. வண்டி நின்னுச்சு. செல்வகணேஷ் எறங்கி ஓடிப் பாத்தான். பிளாட்பாரத்துல படுத்துக் கெடந்த வயசாளி ஒருத்தரு, பாதி உடம்பு ரோட்டுல, முட்டி ரெண்டும் பின்சக்கரத்துக்கு முன்னால. ஒரு விரல்கிடை இருக்கும் இடைவெளி. யாரோ என் காலப் பிடிச்சு இழுத்தாங்கன்னு மலையாளத்துல சொல்லி அழுதாரு. செல்வகணேஷ் அவரை ஓரமாத் தூக்கி உக்கார வெச்சான். லிங்கம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி உக்காந்திருக்காரு. திரும்பிப் பாக்கல.

அன்னைக்குத்தான் செல்வகணேஷ் விடல. ஸ்ரீவராகம் குளத்துப் படியில உக்கார வெச்சு, பொன்முடியில என்ன நடந்துச்சுன்னு கேட்டான். அவரு சொன்னாரு. அழாம சொன்னாரு.

பேச்சிமுத்து அப்பச் சாகல. சக்கரம் இடுப்புல ஏறி நிக்குது. லிங்கம் எறங்கி வந்து பாக்காரு... அவன் முழிச்சுப் பாத்து, "அத்தான், நின்னுட்டா?"ன்னு கேட்டிருக்கான். நின்னுட்டுன்னு இவரு சொல்லியிருக்காரு. அப்பக் கொஞ்சம் பின்னால எடுங்கன்னான்.

இவரு எடுக்கல.

எடுத்தா வண்டி உருண்டிரும், நானும் போயிருப்பேன், ஒரு உசிரு போதாதான்னு செல்வகணேஷ்கிட்ட சொன்னாரு. நின்ன வண்டிக்குச் சுத்திக் கல்லு வெச்சிட்டு எடுத்திருக்கலாமேன்னு இவன் கேட்டான். லிங்கம் ஒரு கல்லை எடுத்துக் குளத்துல போட்டாரு. பொறவு சொன்னாரு.

"தோணல... இல்லடே. தோணிச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லாதவனை வீட்டுல கொண்டு வெச்சு, காலம் பூரா யாரு அள்ளிப் போடுதது?"

ஓரத்துச் சுவர்ல உக்காந்துட்டாராம். பேச்சிமுத்துக்குப் பேச்சு நின்னு போச்சு. ரெண்டு கையாலயும் ரோட்டைத் தட்டிக்கிட்டே கெடந்திருக்கான். தப், தப்புன்னு. அந்தச் சத்தம் நிக்கது வரைக்கும் இவரு அங்கனயே உக்காந்திருந்தாரு.

இந்த வண்டி வேலைய விட்டிருங்க சித்தப்பான்னு செல்வகணேஷ் கெஞ்சினான். அவரு கேக்கல. வேற வண்டின்னா பின்னால டிரம்மு இருக்கும், டிரம்முல பிடி போச்சுன்னா பேச்சி முழுசா வந்திருவான், இதுல பிடி போகாது, இதுதான் எனக்குக் காவல்னாரு.

அப்படி இருக்கும்போதுதான் பேச்சிமுத்து செத்து ஒரு வருஷம் திரும்பி வருது. தம்பி செத்த எடத்துல ஒரு சூடமாவது கொளுத்தணும்னு நாச்சியார் பிடிவாதம். லிங்கம் என்னென்னவோ சொல்லித் தட்டிப் பாத்தாரு. அந்த அம்மா நேரா ஸ்ரீவராகத்துக்குப் போயி மாமிகிட்டயே கேட்டுட்டு. கேசவ் சார் நல்ல மனுஷன். "நம்ம வண்டிலயே போயிட்டு வாங்கோ, லிங்கம்"னு சாவியக் கையில கொடுத்துட்டாரு.

மூணு பேரு போனாங்க. லிங்கம், முன்னால செல்வகணேஷ், பின்னால நாச்சியார். மடியில ஒரு பை. பொரிகடலை, வாழைப்பழம், தம்பி குடிக்குத பீடி ஒரு கட்டு.

ஏறும்போது நெசமான எடம் வந்துச்சு. லிங்கம் வண்டிய நிறுத்தல, அந்தப் பக்கம் பாக்கக்கூட இல்ல. அதுக்கும் மேல நாலஞ்சு வளவு ஏறி, சம்பந்தமே இல்லாத ஒரு எடத்துல நிறுத்தி, இங்கதான்னு காட்டுனாரு. செல்வகணேஷுக்கு அது தெரியும், போலீஸ்காரங்களோட அவனும் அன்னைக்கு வந்தவன்தானே. வாயத் தொறக்கல. அந்த அம்மா ஈர ரோட்டுல உக்காந்து எலையப் போட்டுப் படைச்சுது. பீடி ஒண்ணப் பத்தவெச்சு கல்லு மேல வெச்சுது. அது அணைஞ்சு போச்சு. திரும்பப் பத்த வெச்சுது, அதுவும் அணைஞ்சு போச்சு.

"அவனுக்கு வலிச்சிருக்குமா?"ன்னு கேட்டுச்சு.

"வலிக்க நேரம் ஏது"ன்னாரு லிங்கம்.

எறங்க ஆரம்பிச்சாங்க. மூடுபனி எறங்கிட்டு. லிங்கம் மொத கியர்ல போட்டு, காலைப் பிரேக்குல இருந்து எடுத்துத் தரையில வெச்சிக்கிட்டாரு. எஞ்சின் உறுமிக்கிட்டே பிடிச்சு எறங்குது. ரெண்டு வளவு தாண்டினதும் செல்வகணேஷுக்குக் கேட்டுச்சு.

தப்... தப்... தப்...

கண்ணாடியில வெறும் வெள்ளை. லிங்கத்துக்கும் கேக்குது, கழுத்து நரம்பு புடைச்சு நிக்குது. பிரேக்க மிதிக்கல. மிதிக்காம இருந்தா ஒண்ணும் இல்லன்னு அவரு கணக்கு.

நெசமான எடம் வந்துச்சு. அங்க, வளவுல, மூடுபனிக்குள்ள இருந்து ரெண்டு மஞ்ச வெளிச்சம். கடைசி பஸ்சு மேல ஏறி வருது. ரோட்டு முழுக்க அதுதான். மிதிக்காம முடியாது.

மிதிச்சாரு.

நாலு டிஸ்க்கும் கப்புன்னு பிடிச்சுது. ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு வண்டி. ஏறல, குலுங்கல, மெத்தை மாதிரி ஒண்ணும் இல்ல. பஸ்சு உரசாம விலகி மேல போயிட்டு. லிங்கம் மூச்சு விட்டாரு. சிரிச்சாரு. அந்த ஒரு வருஷத்துல செல்வகணேஷ் அவரு சிரிச்சுப் பாக்கது அப்பத்தான்.

"பாத்தியாடே... டிஸ்க்குடே"ன்னாரு.

அப்ப வண்டிக்குள்ள ஒரு சத்தம். டிங்... டிங்... டிங்... கதவு சரியாச் சாத்தலன்னா அடிக்குமே, அந்தச் சத்தம். ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. பின்பக்க இடது கதவு மலந்து கெடக்கு. சீட்டுல பை இருக்கு. நாச்சியார் இல்ல.

திரும்பின வேகத்துல லிங்கத்துக்கு பிரேக்குல இருந்து கால் நழுவிட்டு. ஒரு நொடிதான். வண்டி ஒரு சாண் உருண்டுச்சு. பின்னால லேசா ஏறுச்சு. அவரு பதறிப்போயி மறுபடி மிதிச்சாரு, நின்னுச்சு.

செல்வகணேஷ் எறங்கி ஓடினான். அந்த அம்மா சக்கரத்துக்கு அடியில. இடுப்புல ஏறி நிக்குது. உசிரு இருக்கு, முழிச்சுப் பாக்கு. முகத்துல வலி இல்ல. வண்டி முன்பக்கம் பாத்துக் கேட்டுச்சு... ஆனா குரலு அந்த அம்மா குரலு இல்ல.

"அத்தான், நின்னுட்டா?"

நாச்சியார் புருஷனை ஒருநாளும் அத்தான்னு கூப்பிட்டது கெடையாதுடே.

பின்னால எடுங்க சித்தப்பா, ரிவர்ஸ் போடுங்கன்னு செல்வகணேஷ் கதறினான். லிங்கம் காலை எடுக்கல. எடுத்தா வண்டி போயிரும், எடுத்தா போயிரும்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. வண்டி எங்கயும் போகாது, நல்ல பிரேக்கு, ஹேண்ட்பிரேக்கு இருக்கு, ஒரு சின்ன ஏத்தம் அவ்வளவுதான். இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உள்ள பாஞ்சு அவரு காலை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தான். பாறையில முளைச்ச மாதிரி இருந்துச்சாம். வெளிய அந்த அம்மா ரோட்டைத் தட்டுத சத்தம் இவனுக்குக் கேக்குது. இழுக்கான், கேக்குது. இழுக்கான், கேக்குது. பொறவு கேக்கல.

அதுக்கப்புறம்தான் கால் எளகுச்சு.

தலை சுத்துதுன்னு அந்த அம்மாவே கதவைத் தொறந்து விழுந்து செத்துட்டுன்னு போலீஸ்ல எழுதி முடிச்சாங்க. கேசவ் சார் வண்டிய வித்துட்டாரு, யாருக்குன்னு தெரியாது. லிங்கம் இப்ப நாகர்கோவில்ல அண்ணன் வீட்டுல கெடக்காரு. வலது கால் தரையில அழுந்தியே இருக்கும். தூங்கும்போதுகூட கட்டில்ல இருந்து அந்த ஒத்தைக் கால் தொங்கி, பாதம் தரையை மிதிச்சிக்கிட்டு இருக்குமாம்.

இதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னுதான் செல்வகணேஷ் நெனைச்சான். போன வாரம் எனக்கு போன் பண்ணினான்.

சுப்ரியா படிப்பு முடிச்சு இங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. குடப்பனக்குன்னு பக்கம் வாடகை வீடு. தெரு நல்ல செங்குத்தான இறக்கம். புதுசா ஸ்கூட்டர் வாங்கியிருக்கா. அண்ணன் முறையான செல்வகணேஷ்கிட்ட போன்ல வண்டியப் பத்திப் பெருமையாப் பேசியிருக்கா. முன்னால டிஸ்க்கு, பின்னால டிரம்மு, ரொம்ப நல்ல பிரேக்குண்ணே, நான் பிடிக்கதுக்கு முன்னாலயே நின்னுருதுன்னு.

பொறவு சிரிச்சுக்கிட்டே வேற ஒண்ணும் சொல்லியிருக்கா. எதிர்வீட்டுல மூணு வயசுல ஒரு பெண்பிள்ளை. இவ வேலை முடிஞ்சு அந்த இறக்கத்துல வாற நேரம் பாத்து, தெனமும் கேட்டைத் தொறந்துகிட்டு ரோட்டுக்கு வந்து நிக்குமாம். உள்ள கொண்டு விட்டாலும் மறுநாளும் நிக்குமாம். அதுக்கு முந்தின நாள் இவ வண்டிய நிறுத்தி, யாரு மோளே உன்ன வெளிய வரச்சொன்னதுன்னு கேட்டிருக்கா.

மாமன் விளிச்சுன்னு சொல்லிச்சாம், மாமன் கூப்பிட்டாருன்னு.

எந்த மாமன்னு கேட்டதுக்கு, அந்தப் பிள்ளை குனிஞ்சு, ஸ்கூட்டரோட பின்சக்கரத்தைக் காட்டிச்சாம்.